ஹமாலிக்கு எத்தனை கலோரி

நாச்சாரம் தொழிற்பேட்டையில் ஒரு மாட்டுத்தீவன ஆலையில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தேன். வருகைப் பதிவு, ஓ.டி. கணக்கு, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. செலான்கள், மாதம் பிறந்தால் சம்பளப் பட்டுவாடா. அரக்கோணத்தில் பி.காம். முடித்துவிட்டுச் சும்மா இருந்தவனுக்கு, லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்த மாமா பிடித்துக் கொடுத்த வேலை. குடியிருந்தது தார்நாகாவில், நம்பர் போட்ட தெருக்களில் ஒன்றில், மாடிப் போர்ஷன். "ஒழுங்கா உழைச்சா எவனும் முன்னுக்கு வரலாம்டா" என்று மாமா அடிக்கடி சொல்வார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் ரயில்வேயில் இருந்தார்.

என் மேஜையில் இரண்டு பதிவேடுகள் இருக்கும். ஒன்று கம்பெனியுடையது, நிரந்தரத் தொழிலாளர்களுக்கு. மற்றது காண்ட்ராக்டருடையது, ஆனால் அதையும் எழுதுவது நான்தான். இரண்டிலும் ஹமாலிகள் இருந்தார்கள். ஹைதராபாத்தில் மூட்டை தூக்குகிறவர்களை அப்படித்தான் சொல்வார்கள். ஒரே லாரி, ஒரே ஐம்பது கிலோ மூட்டை. பத்து டன் லாரிக்கு இருநூறு மூட்டை ஏற்ற வேண்டும். முதல் பதிவேட்டில் இருந்தவர் வாங்கியது, இரண்டாவதில் இருந்தவர் வாங்கியதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. வேலையில் வித்தியாசம் இருந்ததென்றால் அது தலைகீழாக இருந்தது: நிரந்தரக்காரர்களுக்கு வயதாகிக்கொண்டு வந்தது, பலகையில் ஏறி லாரியின் மேலடுக்கு வரை போனதெல்லாம் காண்ட்ராக்ட் பையன்கள்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970-ல் வந்தது. ஒரே மாதிரியான வேலை செய்தால் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதே கூலி என்று 1971-ன் மத்திய விதிகளிலேயே இருந்தது. ஆனால் 'ஒரே மாதிரியான வேலை' என்பதைப் பதிவேட்டில் யார் எழுதுகிறார்கள்? எங்கள் ஆலையில் நிரந்தரக்காரரின் பெயருக்கு எதிரே 'லோடர்' என்று இருக்கும். காண்ட்ராக்ட் பையனுக்கு 'ஹெல்பர்'. இன்ஸ்பெக்டர் வந்தால் பார்ப்பது பதிவேட்டை, லாரியை அல்ல. பஞ்சாப் அரசுக்கும் ஜக்ஜித் சிங்குக்கும் நடந்த வழக்கில், தற்காலிக அரசு ஊழியர்களுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2016 அக்டோபரில் சொன்னபோது, நான் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு போய் ஆலையின் பர்சனல் மேனேஜரிடம் காட்டினேன். "அது கவர்ன்மென்ட்டுக்கு" என்றார்.

காண்ட்ராக்ட் ஹமாலிகளின் மேஸ்திரி பாலமூர்க்காரர், அதாவது மஹபூப்நகர் பக்கம். அணை கட்ட, ரோடு போட, கால்வாய் வெட்ட என்று இந்தியா முழுக்கப் போன பாலமூர் கூலிகளின் வம்சம். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் ஆலையின் விற்பனைப் பிரிவு பால்காரர்களுக்குச் சொல்லும் தீவனக் கணக்கு மனப்பாடம். பசுவின் உடம்பு நிற்க ஒன்றரை முதல் இரண்டு கிலோ. அதற்கு மேல் கறக்கிற ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ. ஒருநாள் கூலி வாங்கிக் கைநாட்டு வைத்துவிட்டு, தெலுங்கில் கேட்டார்: "பால் கூடினா பசுவுக்குத் தீவனம் கூட்டச் சொல்றோமே சார், மூட்டை கூடினா எங்களுக்கு?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி பையில் ஒட்டிய தவிடுபோல வீடு வரை வந்துவிட்டது.

அதற்கு ஒரு வகையில் பதில் இருந்த இடம் என் வீட்டுப் பக்கத்திலேயே இருந்தது. தார்நாகாவைத் தெரியாதவர்களுக்கு: சௌரஸ்தாவிலிருந்து ஒருபுறம் உஸ்மானியா பல்கலைக்கழக வளாகம். உப்பல் ரோட்டில் போனால் இந்திய ரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம், அப்புறம் செல் உயிரியல் மையம், புவி இயற்பியல் நிறுவனம். லாலாபேட்டைப் பக்கம் அரசு பஸ் கழகமான ஆர்.டி.சி.யின் ஆஸ்பத்திரி. பல்கலைக்கழகத்தை ஒட்டி, மரங்களுக்கு நடுவே, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். சாயங்கால நடைக்கு நான் போவது அந்த வழியில்தான். அங்கே அச்சிட்ட புத்தகங்களைக் குறைந்த விலைக்கு விற்பார்கள். கீரை, பயறு, மீன் என்று எதில் எவ்வளவு சத்து என்று சொல்லும் அட்டவணைப் புத்தகம் பலருடைய வீட்டில் இருக்கும். டாக்டர் கோபாலன் பெயரில் வருவது. அதோடு இந்தியர்களுக்கு என்ன சத்து எவ்வளவு வேண்டும் என்ற சின்னப் புத்தகம் ஒன்றும் வாங்கினேன்.

அந்த நிறுவனமே நம் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்ததுதான். 1918-ல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி ஆய்வுக்காக ஒற்றை அறையில் தொடங்கியது. 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறியது. பின்னால் அதன் இயக்குநராக நெடுநாள் இருந்த சி. கோபாலன் சேலத்துக்காரர். சோளம் தின்னும் தக்காணத்து ஏழைகளுக்கு ஏன் பெல்லாக்ரா வருகிறது என்று தேடி, சோளத்தில் மிகுந்திருக்கும் லூசின் என்ற அமினோ அமிலத்தைச் சுட்டியவர். கல்லுடைக்கிறவர்கள் ஒரு நாளில் எவ்வளவு சக்தி செலவழிக்கிறார்கள் என்றுகூட அங்கே 1960-களின் தொடக்கத்தில் அளந்திருக்கிறார்கள். வியர்வையை அளக்க முடியாது என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வதுண்டு. தார்நாகாவில் அதை அளந்து எண்ணாக எழுதி வைத்திருந்தார்கள்.

நான் வாங்கிய புத்தகத்தில் இருந்தது 1989-ஆம் ஆண்டுப் பரிந்துரை. உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு நாளைக்கு 2,425 கலோரி. நடுத்தர உழைப்புக்கு 2,875. கடும் உழைப்புக்கு 3,800. பெண்ணுக்கு முறையே 1,875, 2,225, 2,925. பிற்பாடு 2010-ல் ஆணின் கடும் உழைப்புக்கான எண் 3,490 ஆயிற்று, 2020-ல் 3,470. அளக்கும் முறை மாறியதால் வந்த திருத்தங்கள் அவை, சதி எதுவும் இல்லை. எப்படிப் பார்த்தாலும் உட்கார்ந்திருக்கும் எனக்கும் பலகையில் ஏறும் ஹமாலிக்கும் இடையே ஆயிரம் கலோரிக்கு மேல் வித்தியாசம்.

இந்தக் கலோரிக்கும் கூலிக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு என்பது எனக்கு அதன்பிறகுதான் தெரிந்தது. ஒரு தொழிற்சங்க வக்கீல், டிஸ்பியூட் ஒன்றுக்காகப் பழைய பதிவேடுகளைப் பார்க்க வந்தவர், டீ குடிக்கும்போது சொன்னார். 1957 ஜூலையில் டெல்லியில் 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடியது. குல்சாரிலால் நந்தா அப்போது தொழிலாளர் அமைச்சர். அரசு, முதலாளிகள், சங்கங்கள் மூன்று தரப்பும் ஒப்புக்கொண்ட சூத்திரம்: குறைந்தபட்சக் கூலி என்பது மூன்று 'நுகர்வு அலகு' கொண்ட குடும்பத்துக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். உழைக்கும் ஆண் 1, மனைவி 0.8, இரண்டு பிள்ளைகள் தலைக்கு 0.6. ஓர் அலகுக்கு நாளைக்கு 2,700 கலோரி. நால்வருக்கும் சேர்த்து வருஷத்துக்கு 72 கஜம் துணி. அரசுத் தொழிலாளர் குடியிருப்பின் வாடகை. விறகு, விளக்கு இதர செலவுக்கு மொத்தத்தில் 20 சதவீதம். அந்த 2,700 எங்கிருந்து வந்தது? டாக்டர் வாலஸ் அய்க்ராய்டின் கணக்கிலிருந்து. அவர் வேறு யாருமில்லை, 1935 முதல் பத்து வருஷம் குன்னூர் ஆய்வகத்தின் இயக்குநர். நம் அட்டவணைப் புத்தகத்தின் மூதாதையை 1937-ல் வெளியிட்டவரும் அவரே. வங்கப் பஞ்சத்தை விசாரித்த கமிஷனிலும் இருந்தவர். ஆக, நான் சாயங்காலம் சுற்றிவந்த காம்பவுண்டுச் சுவரின் பரம்பரைச் சொத்து இந்தக் கூலிச் சூத்திரம்.

குமாஸ்தா புத்தி சும்மா இருக்குமா? அன்று ராத்திரியே கணக்குப் போட்டேன். 2,700 என்பது மிதமாக உழைக்கிற ஆளை நினைத்து வைத்தது. ஹமாலிக்கு வேண்டியது 3,800. குறைவது 1,100. நூறு கிராம் அரிசியில் 345 கலோரி என்று அட்டவணை சொல்கிறது. அப்படியானால் அந்த ஆள் தன் குடும்பத்தின் பங்கிலிருந்து தினம் முந்நூறு கிராமுக்கு மேல் அரிசியைத் தன் தட்டுக்கு இழுத்தாக வேண்டும், அல்லது உடம்பைத் தின்ன வேண்டும். எனக்கோ தேவை 2,425. சூத்திரப்படி பார்த்தால் தினம் 275 கலோரி மிச்சம். இந்தக் கணக்கில் கடும் உழைப்பாளி கடனாளி, உட்கார்ந்திருப்பவன் லாபக்காரன். பெண்ணின் கணக்கு வேறு விதத்தில் மோசம். சூத்திரம் அவளை மனைவியாகத்தான் வைத்திருக்கிறது. அவளுடைய சம்பாத்தியத்தைக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்றும் மாநாடு சொன்னது. நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். ஒரு ஆளின் கூலியில் வீடு நடக்க வேண்டும் என்ற எண்ணம். ஆனால் 0.8 அலகு என்றால் 2,160 கலோரி. செங்கல் சுமக்கிறவளுக்கு 2,925 வேண்டும்.

இதையெல்லாம் கீழ்வீட்டு ஓனரிடம் ஒருமுறை சொன்னேன். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. "போய் அட்டாவுல பாருங்க, ஒரு வேலைக்கு அம்பது பேர் நிக்கறான். கூலி எப்படிக் கூடும்?" என்றார். காலை ஏழு மணிக்கு லாலாபேட்டை வழியில் அந்தக் கூலி அட்டாவில் மண்வெட்டியும் டிபன் பாக்ஸுமாக நிற்பவர்களை நானும் தினம் பார்ப்பவன்தான். அவர் சொன்னது கூலி ஏன் குறைவு என்பதற்குக் காரணம். அது நியாயம் என்பதற்கு அல்ல. ஐம்பது பேர் நிற்பதால்தானே குறைந்தபட்சக் கூலி என்று ஒன்றைச் சட்டம் போட்டு வைத்தார்கள்? நான்கு பேர் நின்றால் அதற்குத் தேவையே இல்லை.

சூத்திரம் செல்லாக்காசு என்றும் சொல்ல முடியாது. 1991-ல் ராப்டகோஸ் பிரெட் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, பிள்ளைகள் படிப்பு, வைத்தியம், நல்லது கெட்டது ஆகியவற்றுக்கு இன்னும் 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது. ஏழாவது ஊதியக்குழு 2015-ல் மத்திய அரசின் கடைநிலை ஊழியருக்குச் சம்பளம் நிர்ணயிக்கும்போது இதே அய்க்ராய்ட் கணக்கைப் பிரித்துப் போட்டு, அரிசி பருப்பு விலையெல்லாம் எழுதி, மாதம் 18,000 ரூபாய் என்றது. அந்தச் சம்பளம் 2016 ஜனவரி முதல் தேதியிலிருந்து அமலுக்கும் வந்தது. எனக்கு அதில் பொறாமை இல்லை. ஒரு குடும்பம் கௌரவமாகச் சாப்பிட அதுதான் வேண்டும் என்று சர்க்காரே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன்.

அரசு வேலைக்கு வெளியே இருப்பவர்களுக்கு வேறு கணக்கு. 1996-ல் 35 ரூபாய் என்று தொடங்கிய தேசியத் தரைமட்டக் கூலி, விலைவாசிப் புள்ளியை ஒட்டி நகர்ந்து நகர்ந்து 2017-ல் நாளைக்கு 176-க்கு வந்தது. அப்போது அது சட்டக் கட்டாயம் அல்ல, மாநிலங்களுக்கு ஒரு வழிகாட்டி. பல மாநிலங்கள் இதைவிடக் கூட வைத்திருந்தன. சரியாகக் கணக்குப் போடலாம் என்று அனூப் சத்பதி தலைமையில் குழு அமைத்தார்கள். குழு 2019-ல் அறிக்கை கொடுத்தது. குடும்ப அலகை மூன்றிலிருந்து 3.6 ஆக்கியது நல்ல காரியம். கலோரியை 2,700-லிருந்து 2,400 ஆகக் குறைத்தது. நாட்டில் உடலுழைப்பு வேலைகள் குறைந்து வருகின்றன என்பது காரணம். குறைந்திருக்கலாம். நாடு மொத்தத்துக்கும் சராசரி எடுத்தால் என்னைப் போன்ற நாற்காலிக்காரர்கள் பெருகியிருப்போம். ஆனால் குறைந்தபட்சக் கூலி நாற்காலிக்காரர்களுக்கா? அப்படிக் குறைத்த பிறகும் வந்த தொகை நாளைக்கு 375, மாதம் 9,750; நகரத்தில் வாடகைக்கு 1,430 வரை தனி. அதே வருஷம் அரசு அறிவித்த தரைமட்டக் கூலி 178 ரூபாய். இரண்டு ரூபாய் கூட்டியிருந்தார்கள். அதை 26 நாளால் பெருக்கினால் 4,628. ஒரு டீக்குக் காணாத இரண்டு ரூபாயை அறிவிக்க ஆன செலவு என்ன என்று எனக்கு ஒரு விபரீத ஆசை, விசாரிக்க வேண்டும் என்று.

இங்கே கோபாலனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 1980-களில் டேவிட் செக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், ஏழை நாடுகளில் சிறுத்த உடம்போடு இருப்பவர்கள் பலர் நோயாளிகள் அல்ல, கிடைப்பதற்கேற்ப உடம்பைத் தகவமைத்துக்கொண்டவர்கள், 'சிறியவர்கள் ஆனால் ஆரோக்கியமானவர்கள்' என்று வாதிட்டார். கொஞ்சம் சாப்பாட்டில் வேலை வாங்க நினைக்கும் எந்த முதலாளிக்கும் தேனாய் இனிக்கும் வாதம். கோபாலன் அதைக் கடுமையாக எதிர்த்தார். ஏழைக்கு மட்டும் தனி அளவுகோல் கூடாது என்பது அவர் கட்சி. நூறு வயது கண்ட மனிதர், 2019 அக்டோபர் 3-ஆம் தேதி மறைந்தார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து தெலங்கானா ஆர்.டி.சி. ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சுமார் 48,000 பேர். டிப்போ வாசலில் கொட்டகை, சௌரஸ்தாவில் ஆட்டோக்காரர்கள் கேட்டதுதான் ரேட். தங்களையும் அரசு ஊழியர்களாக்க வேண்டும் என்பது அவர்களின் முதல் கோரிக்கை. பலருக்கு அது பேராசையாகப் பட்டது. இரண்டு பதிவேடு எழுதியவனுக்கு அது விசித்திரமாகப் படவில்லை: மேலும் கடுமையாக பஸ் ஓட்டிச் சம்பளத்தைக் கூட்ட முடியாது, பதிவேடு மாறினால்தான் கூடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வேலைக்கு வராதவர்கள் தாங்களாகவே தங்களை நீக்கிக்கொண்டவர்கள் என்றார் முதல்வர் சந்திரசேகர ராவ். 52 நாள் கழித்துக் கோரிக்கை நிறைவேறாமலே திரும்பினார்கள். பிறகு அதே முதல்வரின் ஆட்சியில், 2023 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, 43,373 பேரை அரசுப் பணியில் சேர்க்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. அப்போது கவர்னர் நம் தமிழிசை சௌந்தரராஜன்; அதற்கு முன்பு அவர் விளக்கம் கேட்டு மசோதாவை நிறுத்தி வைத்ததும், ஊழியர்கள் ராஜ்பவனுக்கு ஊர்வலம் போனதும் ஹைதராபாத் தமிழர்கள் நடுவே ஒரு வாரப் பேச்சு.

எங்கள் ஆலையின் பேக்கிங் பிரிவில் ஒரு தமிழ் அக்கா இருந்தார். லாலாபேட்டை; தாத்தா காலத்தில் ரயில்வே கூலியாக வந்த குடும்பம். மூட்டைக்கு வாய் தைப்பது, சிதறிய தீவனத்தைக் கூட்டி அள்ளுவது, தவிட்டுத் தூசியில் நாள் முழுக்க நிற்பது. வேலைக்கு மட்டம் போட்டதாக என் மஸ்டர் ரோலில் பார்த்த நினைவே இல்லை. ஆலை இருந்தவரை அவரும் இருந்தார், ஆனால் காண்ட்ராக்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். மாறும்போதெல்லாம் அவர் புதுசாகச் சேர்ந்தவர் ஆவார். கிராஜுட்டிச் சட்டம் ஐந்து வருஷத் தொடர் வேலை கேட்டது. ஐந்தாவது வருஷத்தை எந்தக் காண்ட்ராக்டரும் அவருக்குக் காட்டவில்லை. ஒவ்வொரு காண்ட்ராக்டருக்கும் ஒரு பி.எஃப். நம்பர். சிலர் பிடித்தார்கள், கட்டவில்லை.

ஆலை மூடிய பிறகு, 58 முடிந்ததும், பென்ஷன் மனுவோடு என் வீட்டுக்கு வந்தார். "தம்பி, நீங்கதானே எழுதுனீங்க, நீங்களே சேர்த்துக் குடுங்க." பழைய நம்பர்களைத் தேடி, ஒன்றாக்கி, 10டி படிவம் நிரப்பினோம். இத்தனை வருஷ வேலையில் பென்ஷனுக்குக் கணக்கில் வந்தது, தகுதிக்கு வேண்டிய பத்து வருஷத்தைத் தாண்டி ஏதோ கொஞ்சம். சராசரிச் சம்பளத்தை வருஷத்தால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். ஆயிரத்துக்குக் கீழே வந்தது. 2014 செப்டம்பரிலிருந்து குறைந்தபட்சப் பென்ஷன் ஆயிரம் ரூபாய் என்பதால் ஆயிரமாக்கினார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும். அரசுச் சேவைகள் தரும் மீசேவா கடையில் மெஷின் அவர் ரேகையை எடுக்க மாட்டேன் என்றது. வருஷக்கணக்காகச் சாக்குநூல் இழுத்த விரல். பையன் துடைத்துப் பார்த்தான், வேறு விரல் வைக்கச் சொன்னான், கடைசியில் போனில் முகத்தைக் காட்டி முடித்துக் கொடுத்தான். "மூஞ்சி இன்னும் தேயல" என்றார் அக்கா.

இப்போது உஸ்மானியா பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் காலையும் மாலையும் பாத்திரம் கழுவுகிறார். தார்நாகா ஸ்டாப்பில் எப்போதாவது பார்ப்பேன். 2023 டிசம்பர் 9 முதல் மகாலக்ஷ்மி திட்டத்தில் பெண்களுக்கு ஆர்.டி.சி. பஸ் இலவசம், கண்டக்டர் ஜீரோ டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். போன தடவை கூட்டத்தில் முண்டியடித்து ஏறும் முன் திரும்பி என்னிடம் சொன்னார்: "நீங்க கணக்குப் போடுற ஆளு, இதையும் போட்டுக்குங்க. முன்னே பஸ்ஸுக்கு நாளைக்கு நாப்பது ரூபா. இருபத்தாறு நாளு. என் பென்ஷனை விட இந்த டிக்கெட் நாப்பது ரூபா ஜாஸ்தி தருது தம்பி."